பச்சை ஓட்டுக் கணப்பு

ஹெட்டா பனிவண்டியிலிருந்து இறங்கும்போதே தங்கை புருஷன் ஆல்கோட்டின் குரல் வாசல்வரை கேட்டது.

"உன் வீட்டுக்காரன் கட்டின கணப்புதான் என் புள்ளையத் தின்னுடுச்சு!"

அவள் நேரே உள்ளே நடந்தாள். அவள் கணவன் ஏலோஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே உள்ளே வந்தான்.

தொட்டிலை வெள்ளைத் துணி மூடியிருந்தது. அருகே தரையில் தங்கை சிக்னில்ட். காலையில் கணப்பு மூட்டி, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, கன்று ஈனத் தவித்த பசுவைப் பார்க்கத் தொழுவத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது குழந்தையின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்ததாம். நல்ல தூக்கம் என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

அறை மூலையில் அந்தக் கணப்பு பச்சை ஓடுகளோடு கூரையைத் தொட்டு நின்றது. போன இலையுதிர் காலத்தில் ஏலோஃப் கட்டியது. "இது அடுப்பா சகல, மாதாகோயில் கோபுரமா?" என்று ஆல்கோட் அப்போது சிரித்தான். "கொஞ்சமாத் தின்னுட்டு நாள் முழுக்க வேலை பாக்கும். உன்ன மாதிரி இல்ல" என்றான் ஏலோஃப்.

தாத்தாக்கள் காலத்தில் காடுகள் மொட்டையாகி, விறகுக்கு நாடே தவித்தபோது பிறந்த வடிவம் அது. புகை நேரே மேலே ஓடிவிடாது. உள்ளே ஐந்து வழிகளில் ஏறி இறங்கி, சூட்டையெல்லாம் செங்கல்லுக்குக் கொடுத்த பிறகே வெளியேறும். கனல் மேல் ஆடும் நீலச் சுடர் அடங்கி, தீ சாம்பலானதும் கயிற்றை இழுத்துப் புகைவழியை மூட வேண்டும். பிந்தினால் சூடு வீணாகும். முந்தினால் கனலின் விஷக்காற்று அறைக்குள் இறங்கும். யார் வீடு மறுநாள் வரை வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அந்த ஊர்ப் பெண்களுக்குள் ஒரு போட்டியே உண்டு.

ஏலோஃப் பித்தளைக் கதவைத் திறந்தான். அவன் தோளுக்கு மேலாக ஹெட்டாவும் பார்த்தாள். வெண்சாம்பல் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கரித்துண்டுகள். பாதி எரிந்த தீ மூச்சுமுட்டி அடங்கியிருந்தது.

"அத்தான்," சிக்னில்ட் நிமிர்ந்தாள். "பசு கத்துச்சு, அவசரம்தான். ஆனா நீலச் சுடர் அடங்கினப்புறம்தான் கயித்த இழுத்தேன். சரியாத்தானே மூடினேன்?"

ஏலோஃப் கதவை மெல்லச் சாத்தினான்.

"சரியாத்தாம்மா மூடியிருக்க. உள்பூச்சுல விரிசல். தப்பு என்னோடது."

இனி இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரும் அவனை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

"ஏங்க..." என்றாள் ஹெட்டா.

"நீ சும்மா இரு."

"அக்கா, நெசமாவா?"

தங்கையின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சொல் போதும், ஏலோஃபின் பேர் பிழைத்துவிடும்.

"நெசந்தாண்டி," என்றாள் ஹெட்டா.

ஆல்கோட் சம்மட்டியைக் கொண்டுவந்து ஏலோஃபின் காலடியில் போட்டான். "கட்டினவனே இடி."

ஏலோஃப் இடித்தான். ஓடுகள் சரிந்தன, சூடு ஆறாத செங்கற்கள் உருண்டன. புகைவழிகள் வெளியே தெரிந்தன. களிமண் பூச்சில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

"எங்க அந்த விரிசல்? காட்டு, பாக்கறேன்," என்று ஆல்கோட் நெருங்கி வந்தான்.

ஏலோஃபின் கை அந்தரத்தில் நின்றது. ஹெட்டா சம்மட்டியை அவனிடமிருந்து வாங்கி, அந்த வழவழப்பான பூச்சின் மேலேயே ஓங்கிப் போட்டாள். மண் பொலபொலவென்று கொட்டியது.

"இங்கதான் இருந்துச்சு," என்றாள்.