கதையென்று கேட்டவர்கள்

கோத்தகிரி சமூக வானொலியில் அன்று காலை 'மனம் கேட்கும் மாலா' என்ற பழைய நாடகம் போய்க்கொண்டிருந்தது. அதன் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, அங்கே வேலை செய்யும் கீர்த்தனா தொடக்கத்தை மட்டும்தான் கேட்டிருந்தாள். பிறர் நினைப்பதெல்லாம் காதில் விழும் ஒரு பெண், வேற்றுக்கிரக விஞ்ஞானி, ஊய் ஊய் என்று விநோத ஓசைகள். பொழுதுபோக்குக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தாள்.

மதிய நிகழ்ச்சியில் பாட வந்திருந்த பேச்சி பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்து, நிழல்மலைத் தேயிலைத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்து ஓய்ந்தவர்.

நாடகத்தில் விஞ்ஞானியின் எண்ணம் மாலாவுக்குக் கேட்டது. "புதுப் பூச்சி மருந்தை ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டில் அடிக்கட்டும். பெண்கள் அங்கேயே கொழுந்து எடுக்கட்டும். யார் தாங்குகிறார்கள் என்று பார்ப்போம். செத்தால் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடலாம்."

"ஐயோ, சின்னம்மை அங்கேதானே போனாள்" என்று மாலா அலறினாள்.

பேச்சியின் டீ சேலையில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"சின்னம்மைங்கறது எங்கக்கா பேரு புள்ள. அதே ஆறாம் நம்பர்லதான் வாயில நுரை தள்ளி விழுந்தா. காமாலைன்னு சொல்லித்தான் பொதைக்கச் சொன்னாங்க. இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீர்த்தனா ஒலியைக் கூட்டிவைத்தாள். நாடகம் முடிந்து அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். எழுதியவர், நிழல்மலை எஸ்டேட் கம்பவுண்டர் தங்கவேலு.

அவளுடைய மாமனார்.

பேச்சியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தங்கவேலு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மாமா, இதெல்லாம் நெசமுங்களா?"

"நெசந்தான் கண்ணு. அப்படியே எழுதியிருந்தா ரேடியோவுல விட்டிருக்க மாட்டாங்க. மனசு கேக்குற புள்ளைன்னு எழுதுனேன், விட்டுட்டாங்க. அப்ப ஊரே கேட்டுச்சு, நல்ல கதைன்னு சொல்லுச்சு. எந்த எஸ்டேட்டுன்னு ஒருத்தருங் கேக்கல. தொரைக்கு மட்டும் வெளங்கிருச்சு. வேலைய விட்டுத் தூக்கிட்டாரு."

"தொரை நெனச்சது உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?"

"நெனப்பா? தொரை ஆபீசுக்கும் என் டிஸ்பென்சரிக்கும் நடுவால ஒரு பலகைச் சுவருதான். இந்தக் காதாலதான் கேட்டேன்."

கீர்த்தனா ரேடியோவை அணைத்தாள். இத்தனை வருடம் இவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாசலில் நின்ற பேச்சி மெல்லக் கேட்டார். "எங்கக்கா சின்னம்மை கடைசியா என்னங்கய்யா சொன்னா?"

"தண்ணி கேட்டுச்சும்மா. குடுத்தேன்."

பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கீர்த்தனாவின் போன் அடித்தது. வானொலி நேயர்களின் அழைப்பெல்லாம் அவளுக்குத்தான் வரும். கீழ் கோத்தகிரியிலிருந்து ஓர் ஆண் குரல். "மேடம், அந்த நாடகம்... எங்கம்மாவும் நிழல்மலை ஆறாம் நம்பர்லதான் செத்துச்சுங்க."

கீர்த்தனா போனை மாமனாரிடம் நீட்டினாள். அவர் அதைக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க. உங்கம்மா பேரு என்னங்க?"