கொடும்பாவியின் கோட்டுப் பை

அரங்கசாமி ஓடினான். இடுப்பில் ஈரத்துண்டு, தலையில் பாதி கழுவிய சீயக்காய். முன்னால் அவனுடைய கோட்டு போய்க்கொண்டிருந்தது.

கோட்டுக்குள் இருந்தது வைக்கோல். கழுத்தில் எருக்கம்பூ மாலை, காலில் கயிறு. மழை பெய்யாத ஊரில் கொடும்பாவி ஒருவன் இருந்தே தீர வேண்டும் அல்லவா? அவனை வைக்கோலில் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்தினால் வானம் மனமிரங்கும் என்பது ஏற்பாடு. இந்த வருஷத்துப் பாவிக்குச் சட்டை தேடியபோது அரங்கசாமியின் அக்கா நாச்சியம்மாள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தம்பி கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து நீட்டிவிட்டாள்.

கோட்டு போனால் போகட்டும். உள்பையில் தந்தி இருந்தது, அது வேறு யார் கையிலும் சிக்கக்கூடாது.

பல்லடத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் சமுத்திரத்தைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. அரங்கசாமியும் கண்டதில்லை, ஆனால் அதன் குணம் முழுக்கத் தெரியும் என்பான். மேற்குச் சமுத்திரம் ஆனி ஆடியில் மலையாளத்தாருக்குக் குடம் குடமாகக் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வெறும் காற்றை அனுப்பும். பந்தி முடிந்து வந்தவனுக்கு எச்சில் இலையைக் காட்டுகிற மரியாதை. நமக்குப் படியளப்பது கிழக்குச் சமுத்திரம். ஐப்பசியில் புயல் நாகப்பட்டினத்தில் ஏறினால் இங்கே சோளம். வேறு பக்கம் திரும்பினால் இங்கே பஞ்சம். அந்தத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த சிநேகிதன் ஜபருல்லா, புயல் கூண்டு ஏற்றினால் தந்தி அடிப்பான். பைக்காரா கரண்டில் கோயமுத்தூர் மில்லெல்லாம் ஓடுகிற காலத்தில் மழைக்கு மட்டும் தந்தி கூடாதா?

சாஸ்திரமெல்லாம் சரிதான். சமுத்திரத்துக்குத்தான் யாரும் சொல்லவில்லை. முந்தின வருஷம் தந்தி வந்தது, அக்கா விதைத்தாள், புயல் இலங்கைக்குப் போயிற்று. போன வருஷமும் விதைத்தாள். புயல் பாதி வழியில் மனசு மாறி மசூலிப்பட்டினத்துக்குப் போயிற்று. இரண்டு வருஷமும் எறும்புகளுக்கு நல்ல மகசூல்.

அக்கா மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள்: "இனி இவனும் இவன் தந்தியும் என்ன சொன்னாலும் அதுக்கு மாறாத்தான் செய்வேன், ஆத்தா!"

இன்று காலை பல்லடம் தபாலாபீசில் தந்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்தவன், "வெதைக்காதீங்கக்கா, மழை வராது" என்றான். அக்கா உடனே பண்ணையாள் காளிச்சாமியைக் கூப்பிட்டு ஏரைப் பூட்டச் சொன்னாள். வீட்டில் இருந்ததே அந்தக் கடைசி விதைச்சோளம்தான். அதுவும் வீணானால் தைக்கு அப்புறம் உலையில் போட ஒன்றுமில்லை.

ஊர் எல்லையில், அக்காளின் சோளக்காட்டோரமாகவே, அரங்கசாமி பொம்மையின் மேல் பாய்ந்தான். ஒப்பாரி நின்றது.

"ஏனுங் பங்காளி," என்றான் கயிற்றை இழுத்த செங்கோடன். "பாவியே வந்து பாவியக் கட்டிப் புடிக்கறதா?"

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே பையிலிருந்து காகிதம் கீழே விழுந்தது. செங்கோடன் முந்திக்கொண்டான். "அட, தந்தி! வாத்தியாரே, இப்படி வாங்க!"

மிஷன் பள்ளிக்கூடத்துத் தேவானந்தம் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"படிங்க வாத்தியாரே," என்றாள் நாச்சியம்மாள். "நம்ம சமுத்திரராசன் இந்த வாட்டி என்ன புளுகுறான்னு ஊரே கேக்கட்டும்."

காட்டில் காளிச்சாமி பாதி தூவி முடித்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் மனசுக்குள் படித்தார். புருவம் உயர்ந்தது. வாயைத் திறந்தார்.

அரங்கசாமி தந்தியைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றான்.

"ஐயோ, தந்தியத் திங்கறானே!"

"ஏன்டா, ஊட்ல கம்பஞ்சோறு தீந்து போச்சா?" என்றாள் அக்கா.

அரங்கசாமி கஷ்டப்பட்டு விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது. "மழை வராதுங்கக்கா. ஏரை நிறுத்தச் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

நாச்சியம்மாள் காட்டுப் பக்கம் திரும்பினாள். "காளிச்சாமீ! வாயப் பொளந்துட்டு ஏன் நிக்கறே? ஒரு மணி மிச்சம் வெக்காமத் தூவிப்போடு! மூடி முடிச்சாத்தான் கஞ்சி!"

கோட்டு திகுதிகுவென்று எரிந்தது.

மூன்றாம் நாள் வானம் பொத்துக்கொண்டது. ஐந்து நாள் மழை. கரிசல் முழுக்கச் சேறு. ஈரத்துக்குக் காத்திருந்தவர்கள் ஏரை இறக்க முடியாமல் கரையில் நின்றார்கள். நாச்சியம்மாளின் காடு மட்டும் பச்சையாக முளை விட்டது. பெருமை மொத்தமும் வைக்கோலுக்கே போயிற்று. இனி வருஷாவருஷம் அரங்கசாமியின் கோட்டையே கொளுத்துவது என்று ஊர்க்கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. கோட்டு வாங்கித் தருவது யார் என்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

"உன்ற பேச்சக் கேட்டிருந்தா என்ற கதி என்னடா?" என்று அக்கா கேட்டாள்.

"தப்புத்தானுங்கக்கா."

வாத்தியார் அவனைத் தனியே குடைக்குள் இழுத்தார். "எழுத்து மங்கலா இருந்துச்சுன்னு ஊர்ல சொல்லிப்போட்டேன். ஆண்டவர் மன்னிக்கோணும். ஏனுங்க, அன்னைக்கே நான் சத்தமாப் படிச்சிருந்தா உங்க பேரு நெலைச்சிருக்குமே?"

"பேரு நெலைச்சிருக்குமுங்க. வெதைச்சோளமும் ஊட்லயே நெலைச்சிருக்கும்."

ஜபருல்லா அடித்திருந்தது ஒரே வரி: "கூண்டு ஏற்றியாயிற்று, புயல் இங்கேதான் கரையேறும், உடனே விதைக்கச் சொல்."