நாற்பத்தேழாம் நம்பர் பாட்டில்

அந்தக் கடிதம் ஒன்பது நாளாக என் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. தினமும் காலையில் குரும்பலூரில் என்னோடு பஸ் ஏறும், சாயங்காலம் என்னோடு திரும்பி வரும். மொத்தம் நாலு வரிதான். குழந்தைக்கு மூன்று மாதமே ஆகிறது, இன்னும் மூன்று மாதத்துக்கு மட்டும் காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை வேலை பார்க்க அனுமதி வேண்டும், அதற்குண்டான சம்பளம் போதும் என்று எழுதியிருந்தேன். 'தாழ்மையுடன்' என்று சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே ஒரு நாள் போனது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயம். பல்லியைக் கண்டால் பயம், சில்லறை இல்லாதபோது கண்டக்டரைக் கண்டால் பயம். எங்கள் மேனேஜர் ராஜராஜன் சாரிடம் உள்ள பயம் தனி ரகம். அவர் யாரையும் திட்ட மாட்டார், அதுதான் பயமே. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த வேணி, பிள்ளை பெற்று வந்து இதே மாதிரி அரை நாள் வேலை கேட்டாள். "எதுக்கும்மா கஷ்டப்படுற? முழுசாவே வூட்ல இருந்து புள்ளையப் பாரு" என்று சிரித்த முகமாகச் சொன்னாராம். அடுத்த வாரம் அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வேலை கிடைத்த சந்தோஷம். வேணியைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

வேலை, பெரம்பலூருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பால் கம்பெனியின் சில்லிங் சென்டரில். சுற்று ஊர்களில் வாங்கும் பால் கேன் கேனாக இங்கே வந்து குளிரும். நான் லேபில் இருக்கிறேன். எந்தப் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, யார் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று மெஷினில் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டத்தில் பிரசவ லீவு ஆறு மாதம் என்கிறார்கள். நான் ஒப்பந்த ஆள் என்று சொல்லி மூன்றாவது மாதமே கூப்பிட்டுவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வராதே என்று சொல்லிவிட்டால்?

வேலையை விடவும் வழியில்லை. என் வீட்டுக்காரர் சரத்குமார் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். லோடு இருந்தால் ஓட்டம், இல்லையென்றால் பத்து நாள் சும்மா நிற்க வேண்டியதுதான். மாதா மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் மட்டும்தான்.

என் மகள் சிவரஞ்சனியோ என்னைத் தவிர யாரிடமும் குடிக்க மாட்டேன் என்கிறாள். நான் பீய்ச்சி வைத்த பாலை என் மாமியார் சம்பூர்ணம் பாலாடைச் சங்கில் எடுத்து ஊட்டினால் நாக்கால் வெளியே தள்ளுகிறாள். காலையில் நான் கொடுத்துவிட்டுப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வரும்வரை அழுகைதான். போன வாரம் ஊர் நர்ஸ் எடை போட்டுப் பார்த்தார். "போன தடவைய விட எறங்கியிருக்கு. நீங்க கிட்ட இருந்து குடுக்கணும். இன்னும் எறங்குச்சுன்னா ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லிருவேன்" என்றார். அன்று ராத்திரிதான் கடிதத்தை எழுதினேன்.

கடிதத்தைக் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்த நாள் புதன்கிழமை. புதன்தான் வாலிகண்டபுரத்து ஊர்ச் சாம்பிள் வரும். பால் ஊற்றுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு சின்ன பாட்டில். நம்பரை மூடியின் மேல் மார்க்கரில் எழுதியிருப்பார்கள். டெஸ்ட் முடிந்ததும் பாட்டிலைக் கழுவி, மூடியில் உள்ள நம்பரை ஸ்பிரிட் தொட்டு அழித்துவிட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் எனக்கு மார் கட்டிக்கொண்டு வலி உயிர் போனது. கேன் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வழக்கமாகக் கொண்டுவரும் டப்பாவை அன்று அவசரத்தில் வீட்டிலேயே மறந்துவிட்டேன். கழுவி வைத்திருந்த சாம்பிள் பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் பீய்ச்சினேன். கூடையிலிருந்து ஒரு மூடியை எடுத்து மூடினேன். அந்த மூடியில் நம்பர் அழியாமல் இருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். வீட்டுக்குத்தானே கொண்டுபோகிறோம் என்று விட்டுவிட்டேன். சாம்பிள் பிரிட்ஜில், கீழ்த்தட்டு மூலையில் வைத்தேன். எங்கள் லேபில் இருப்பது அந்த ஒரு பிரிட்ஜ்தான்.

பத்து மணிக்குக் கூட வேலை செய்யும் மணிவேல் அண்ணன் எல்லா பாட்டில்களையும் எடுத்து மெஷினில் வைத்தார். நான் பாட்டுக்கு, சாரிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ரிப்போர்ட்டை நீட்டினார். "வாலிகண்டபுரத்துல ஒரு ஆளு ஒதவாதும்மா. நாப்பத்தேழு. கொழுப்பு ஒன்னு புள்ளி ஒன்பதுதான் வருது. தண்ணி." நான் தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறைக்குள் போனேன். கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். சார் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஆள் பத்தல. வேற யாரா இருந்தாலும் யோசிக்கவே மாட்டேன்" என்றார். "ஆனா நீ ரெண்டு வருசத்துல ஒரு ரிப்போர்ட்டுலகூடத் தப்பு வுட்டதில்ல. அதனால யோசிக்கிறேன். நாலு மணிக்குச் சொல்றேன்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். மேனேஜர் அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் லேப் வரைக்கும் கேட்டது. சார் என்னையும் மணிவேல் அண்ணனையும் கூப்பிட்டார். உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி நின்றிருந்தாள். வெயிலில் ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. வாலிகண்டபுரத்துக் கொளஞ்சி. நாற்பத்தேழாம் நம்பர் அவளுடையது.

"பால் ஊத்துற எடத்துல எம்பேர போர்டுல எழுதிட்டாங்க சார். 'தண்ணிப் பால்'னு எழுதி எம்பேரு. பதினஞ்சு நாளைக்கு எங்கிட்டப் பால் வாங்க மாட்டாங்களாம். ஒரே ஒரு மாடு சார் எனக்கு. எம்மாட்டு மேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல."

"மெஷினு பொய் சொல்லாதும்மா. எங்க லேப் பொண்ணு கையெழுத்தும் இருக்கு" என்றார் சார். பிறகு மணிவேல் அண்ணனைப் பார்த்து, "அந்த பாட்டில எடுத்துட்டு வாங்க, இவங்க எதிர்லயே இன்னொரு தடவ போட்டுக் காட்டிருவோம்" என்றார்.

அண்ணன் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "நாப்பத்தேழுன்னு ரெண்டு பாட்டில் இருந்துச்சு சார். ஒன்னு பழசு போலன்னு கொட்டிட்டேன். டெஸ்ட் எடுத்தது இது."

மேஜைமேல் இருந்த பால் மெல்லிசாக, நீலம் பாரித்து இருந்தது. மூடியில், நான் அழிக்காமல் விட்ட அதே நாற்பத்தேழு. பக்கத்திலேயே, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் என் கடிதம்.

கொட்டப்பட்டதுதான் கொளஞ்சியின் பால். இனி எந்த மெஷினாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. நான் ஒருத்தி வாயைத் திறந்தால்தான் உண்டு. திறந்தால் என் வேலை போகும். சாம்பிள் பிரிட்ஜில் சொந்தப் பாலை வைத்தவளை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? பதினைந்து நாள்தானே, அப்புறம் மறந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொளஞ்சி என்னைப் பார்த்தாள். "நீதான் கையெழுத்துப் போட்ட பொண்ணா? நல்லாப் பாத்துத்தான் போட்டியா கண்ணு?"

"சார், அது இந்த அக்கா பால் இல்ல" என்றேன். "அது என் பால்."

"உன் வூட்ல மாடு இருக்கா?"

"மாடு இல்ல சார். என் பால். என் புள்ளைக்கு எடுத்து வச்சது."

சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மணிவேல் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டார். நான் டப்பாவை மறந்தது, மூடி, பிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இடையில் அழுதேன். மூக்கைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அடிப்பாவி, எம்பேர ஊரெல்லாம் நாறடிச்சிட்டியேடி" என்று கத்தினாள் கொளஞ்சி. அவள் கத்தியதில் ஒரு தப்பும் இல்லை.

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சாம்பிள் பிரிட்ஜுல இத வச்சது ஹெட் ஆபீசுக்குத் தெரிஞ்சா உன்னோட சேத்து என்னையும் அனுப்பிருவாங்க" என்றார். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவரும் பயப்படுவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் கலக்கமாகத்தான் இருந்தது.

கொளஞ்சி பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எத்தன மாசம்?"

"மூணு மாசம்க்கா. பொண்ணு."

"மூணு மாசக் கொழந்தைய வுட்டுட்டா நாள் பூரா இங்க நிக்கிற?"

என் கண் தன்னால் மேஜையில் இருந்த கடிதத்துக்குப் போனது. கொளஞ்சிக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ, சாரைப் பார்த்துச் சொன்னாள். "கன்னு போட்ட மாட்ட நான் பாதி நேரம் கன்னுகிட்டதான் சார் வுடுவேன். இல்லன்னா உங்களுக்கு ஊத்தப் பாலு ஏது?"

சார் கடிதத்தின் மேலிருந்த பேப்பர் வெயிட்டைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"அது உங்க பாடு" என்றாள் கொளஞ்சி. "எனக்கு அந்த போர்டுலேர்ந்து எம்பேரு போவணும். இந்தப் பொண்ணே வந்து அழிக்கணும். பால் ஊத்துற நேரத்துல, எல்லாரும் நிக்கிறப்ப, என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டு அழிக்கணும்."

"நாளைக்குக் காலைல போய்ச் சொல்லு" என்றார் சார் என்னிடம். "மத்தத அப்பறம் பேசுவோம்."

அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. என் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. இதை எப்படிச் சொல்வது?

காலை ஆறரைக்கு வாலிகண்டபுரத்தில் இறங்கினேன். பால் எடுக்கும் இடத்தில் முப்பது பேர் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள், பாதிக்குப் பாதி ஆம்பளைகள். சார் மோட்டார் பைக்கில் வந்து ஓரமாக நின்றிருந்தார். கொளஞ்சி போர்டுக்குப் பக்கத்தில் காலி வாளியோடு நின்றாள். சிவப்புச் சாக்பீஸில் அவள் பேர் பெரிதாக இருந்தது.

"கொளஞ்சி அக்கா பால்ல தண்ணி இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா" என்றாள் கொளஞ்சி. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். "கொளஞ்சி அக்கா பால்ல தண்ணி இல்ல. பாட்டில் மாறிடுச்சு. மெஷின்ல வச்சது எம்புள்ளைக்கு நான் எடுத்து வச்ச தாய்ப்பால். தப்பு என்னோடது."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "எதுக்குடா சிரிக்கிற? நீ என்ன எரும பாலு குடிச்சா வளந்த?" என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. நான் கைக்குட்டையால் போர்டைத் துடைத்தேன். கொளஞ்சி, பேர் முழுக்கப் போய்விட்டதா என்று கிட்டத்தில் வந்து பார்த்துவிட்டு, வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று மெமோ. இனி ஒரு தப்பு நடந்தால் வேலை இல்லை என்று எழுதியிருந்தது. இன்னொன்று என் கடிதம். 'மூன்று மாதத்துக்கு' என்பதை அடித்து 'ஒரு மாதத்துக்கு' என்று மாற்றி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஒரு மாசம் போவட்டும், பாப்போம்" என்றார். வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. அன்று பன்னிரண்டு மணிக்குச் சென்டரை விட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போதும், யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார், "என்ன இந்நேரத்துக்கு, வேல போச்சா?" என்று பதறினார். சிவரஞ்சனி தொட்டிலில் அழுதுகொண்டிருந்தாள். எடுத்து மடியில் போட்டேன். யாராவது கூப்பிடுகிறார்களா என்று என் காது இன்னும் வாசல் பக்கமேதான் இருந்தது. அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள்.