தகவல் கிடைத்தது, நன்றி

வேங்கிக்காலில் உள்ள கணினிப் பயிற்சி மையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்புகளெல்லாம் த்ரிசலாவுக்கு மனப்பாடம். விண்டோஸில் ஓடும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதுவார்கள். அது அவர்கள் கணினியில் ஓடும், பக்கத்துக் கணினியில் படுத்துக்கொள்ளும். பட்டனைப் போட்டிருப்பார்கள், அதை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்பதை இணைத்திருக்க மாட்டார்கள். சிவப்பாகப் பிழைச் செய்தி வந்தால் படிக்காமலே மூடுவார்கள். இன்னும் சிலர், பிழை வந்தால் சத்தம் போடாமல் விழுங்கிவிடு என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். அதைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும்.

வினோதினி என்ற மாணவி ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, இப்போது எர்ரரே வருவதில்லை என்று சந்தோஷமாகக் காட்டினாள்.

"வராம இல்ல வினோதினி. வருது. உன்கிட்ட சொல்லக்கூடாதுனு நீ அது வாயக் கட்டி வெச்சிருக்க" என்றாள் த்ரிசலா.

பதினோரு வருடமாக இதே வேலை. இன்னொருவர் எழுதியதைப் பார்த்ததும், எந்த வரியில் ஓட்டை என்று அவள் கண் தானாகப் போய் நிற்கும்.

வீட்டில் அப்பா ஸ்ரீபால், அம்மா ஜெயமதி, தம்பி ஜினேஷ். பூர்வீகம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். அங்கே இன்னும் கொஞ்சம் வேர்க்கடலை போடும் மணிலாக்கொல்லை இருந்தது. ஊரில் உள்ள சமணக் கோயிலான ஜினாலயத்துக்கு விசேஷ நாட்களில் போய்வருவார்கள். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு பெயர்களை, பிறகு மகளையே சில நேரம் "நீங்க எந்த செக்‌ஷனுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். மறக்காதவை இரண்டுதான். ஒன்று, சமணர் வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடமாட்டார். இன்னொன்று, மின்கம்பி. தெருவில் இறங்கினால் அண்ணாந்து கம்பியைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எங்காவது லைன் அறுந்திருக்கிறது, போய்ப் பார்க்கவேண்டும் என்பார்.

பௌர்ணமி நாளில் அவர் காணாமல் போனார். கிரிவலத்துக்கு வந்த ஜனங்கள் ஊரெங்கும் நிறைந்திருந்தார்கள். அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அக்காவும் தம்பியும் மலையைச் சுற்றி வந்தார்கள்; ரமணாசிரமம் பக்கம் கடை கடையாக விசாரித்தார்கள். லட்சம் முகங்களுக்கு நடுவில் அந்த ஒரு முகம் இல்லை. போலீஸில் புகார் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்து ஊர் வெறிச்சென்று ஆனபோது, பெருக்கிக் குவித்த குப்பையும் தண்ணீர் பாட்டில்களும்தான் சாலையோரம் கிடந்தன.

ஜினேஷ் அப்பாவின் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தான். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினான். கீழே வீட்டுப் போன் நம்பர். அந்த நம்பருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன் என்றார்கள் சிலர். வெறுமனே சிரித்துவிட்டு வைத்தார்கள் சிலர். ஒருவன், "இந்தாங்க, உங்க வீட்டுக்காரரு பேசுறாரு" என்று சொல்லி வேறு யாரோ கிழவரிடம் போனைக் கொடுத்தான். அந்தக் குரலைக் கேட்டு "எங்க இருக்கீங்க, சாப்டீங்களா" என்று அம்மா அழ ஆரம்பித்தவள், அது அவர் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மணி அடித்தாலே அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

"நம்பர எடுத்துடுடா. நான் ஒரு பேஜ் பண்றேன். பாத்தவங்க அதுல எழுதட்டும். நான் படிச்சிப் பாத்துட்டு, நெசமா இருந்தா அம்மாகிட்ட சொல்லலாம்" என்றாள் த்ரிசலா.

ஜினேஷுக்கு அதில் மனமில்லை. போன் என்றால் எல்லோருக்கும் பழக்கம், இதெல்லாம் யார் செய்வார்கள் என்று கேட்டான். தான் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள். இத்தனை நாள் தெருத்தெருவாக அலைந்ததில், தனக்குத் தெரிந்த வேலையாக ஒன்றாவது கிடைத்ததே என்றிருந்தது.

மையத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்தாள். வேலை இரண்டு பகுதி. ஒன்று, எல்லோரும் போனில் பார்க்கும் பக்கம்: அப்பாவின் படம், எங்கே பார்த்தீர்கள் என்று எழுத ஒரு கட்டம், அனுப்ப ஒரு பட்டன். இன்னொன்று, அனுப்பியதை வாங்கிச் சேர்த்துவைக்கும் புரோகிராம். எழுதும்போது இரண்டையும் தன் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தாள். அதனால், தகவலை எங்கே அனுப்பவேண்டும் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினாள். அந்தச் சொல்லுக்கு 'இதே கருவி' என்று பொருள். யார் எந்தக் கருவியில் திறக்கிறார்களோ அந்தக் கருவியையே அது குறிக்கும். அவள் லேப்டாப்பில் அது அவள் லேப்டாப். இன்னொருவர் போனில் அது அந்தப் போனேதான். வாங்கும் புரோகிராமை, எப்போதும் நெட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பொதுவான சர்வரில் ஏற்றிவிட்டு, அந்த ஒரு சொல்லை மாற்றி அதன் முகவரியைப் போடவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் அது.

வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவிடம் காட்டியபோது வாங்கும் புரோகிராமை அவள் இன்னும் ஓடவிட்டிருக்கவில்லை. பட்டனை அழுத்தியதும் ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு பிழை வந்து நிற்க, அம்மா பயந்துபோனாள். இதைப் பார்த்தால் எழுத வந்தவர்களும் எழுதமாட்டார்கள் என்றாள். சரி, இப்போதைக்கு என்று நினைத்து, எது நடந்தாலும் "தகவல் கிடைத்தது, நன்றி" என்று மட்டும் காட்டும்படி த்ரிசலா எழுதிவைத்தாள். பிழை வந்தால் என்ன செய்வது என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

பக்கத்தை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றி முடித்த நேரத்தில் போளூரிலிருந்து ஜினேஷின் நண்பன் அழைத்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொல்லத் தெரியவில்லை என்றான். த்ரிசலா கட்டிய புடவையோடு ஓடினாள். அது வேறு ஒருவருடைய அப்பா. பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் ஒருமுறை சோதித்தாள். நன்றி வந்தது, அவள் எழுதிய 'சோதனை' என்ற சொல்லும் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. மீதி வேலை ஒன்று இருக்கிறது என்பது அவள் மனதிலிருந்து எப்படிப் போயிற்றோ, போய்விட்டது. பக்கத்தின் லிங்கை ஜினேஷ் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான். புது நோட்டீஸிலும் போட்டான்.

அதற்குப் பிறகு தினமும் லேப்டாப்பைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். 'சோதனை' என்ற ஒரே வரி. வாரங்கள் போயின. ஒரு மனிதன் இத்தனை ஊர்களுக்கு நடுவில் ஒருவர் கண்ணிலும் படாமல் எப்படிப் போகமுடியும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். படித்துவிட்டு யாரும் எழுதமாட்டேன் என்கிறார்களா, ஜனங்களுக்கு இரக்கமே இல்லையா என்று த்ரிசலாவும் மனதுக்குள் உலகத்தைத் திட்டினாள். ஜினேஷ் வேலையை விட்டுவிட்டு பைக்கில் ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டப் போனான்.

ஒருநாள் காலை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவன் அழைத்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. வெளியே வந்து நில், கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னான். லேப்டாப்பை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். நோட்டீஸ் ஒட்டும்போது ஒருவர் அப்பாவைத் தெரியும் என்றார், அவர் சொல்வதை நீயே வந்து கேள் என்றான் அவன்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டிச் சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் பெயர் கலையரசன், நாற்பது வயதிருக்கும். எழுந்து நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சொல்லத் தயங்கினார்.

"உங்க அப்பா இங்கதாங்க இருந்தாரு. ஒரு வாரத்துக்கு மேலயே இருக்கும். அந்தக் கரண்ட்டுப் போஸ்ட்டு மரத்தடில நின்னு கம்பியையே பாத்துக்கினு இருந்தாரு. கூப்ட்டு உக்கார வெச்சேன். ஊட்லருந்து சாப்பாடு கொணாந்து குடுத்தேன். பொழுது போய்ட்டா மட்டும் எது குடுத்தாலும் வேணாம்னுடுவாரு."

அதற்குமேல் அது அப்பாதானா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தில் எழுதி அனுப்பியதாகவும், இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்பியதாகவும், அப்புறம் பெண்சாதியை விட்டும் அனுப்பச் சொன்னதாகவும் அவர் சொன்னார். கடையின் பெயர், வழி, தன் நம்பர் எல்லாம் எழுதினாராம்.

"எப்படிங்க அனுப்புனீங்க? எனக்கு ஒண்ணுமே வரலையே" என்றாள் த்ரிசலா.

கலையரசன் போனை எடுத்து, அந்த லிங்கைத் தேடித் திறந்து, அவள் கண் முன்னாலேயே இரண்டு வார்த்தை தட்டி, பட்டனை அழுத்தினார். திரையை அவள் பக்கம் திருப்பினார். தகவல் கிடைத்தது, நன்றி.

அந்தத் தகவலை வாங்கவேண்டிய ஒரே லேப்டாப் வேங்கிக்காலில் அலமாரிக்குள் அணைந்து கிடந்தது. வாங்குவதற்கு உலகத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் நன்றி வந்திருக்கிறது. அவளுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. எந்த வரி என்பதுகூடத் தெரிந்தது. எதிரே லாரி ஒன்று போனது, சத்தம் கேட்கவில்லை.

"நன்றினு வந்திச்சிங்க. சரி, தெரிஞ்சிபோச்சு, வந்துடுவாங்கனு நெனச்சேன்" என்றார் கலையரசன். "யாரும் வரல. சில பேரு வேணும்னே வுட்டுட்டுப் போயிடுவாங்க இல்லீங்களா, அந்த மாதிரி ஊடு போலன்னு நெனச்சிட்டேன். அதான் போலீஸ் டேசன்ல சொல்லல. சொன்னா எங்கனா முதியோர் ஓமுல கொண்டுபோய் வுட்டுடுவாங்க, இங்கயே இருக்கட்டும்னு பாத்தேன். தப்பா நெனச்சிட்டேங்க."

நல்ல மழை பெய்த மறுநாள் அவர் கடைக்கு வருவதற்குள் அப்பா எழுந்து போய்விட்டிருந்தார். மழையில் லைன் போயிருக்கும் என்று முந்தின நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கலையரசன் வண்டியை எடுத்துக்கொண்டு அவலூர்ப்பேட்டை வரை தேடிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

தப்பு உங்களுடையதில்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதைச் சொல்லாமல், ஸ்டூலை எடுத்து இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். ஜினேஷ்தான் அவருக்கு நன்றி சொன்னான். திரும்பி வரும்போது நடந்த தப்பை அவள் சொன்னாள்; அவன் அவளை ஒரு வார்த்தைகூடக் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மையத்தில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, புரோகிராமை சர்வரில் ஏற்றி, அந்த ஒரு சொல்லை மாற்றினாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று கைகளைப் பார்த்துக்கொண்டாள். அப்போதிருந்தே தகவல்கள் வர ஆரம்பித்தன. சீக்கிரம் கிடைக்க வேண்டிக்கொள்கிறோம் என்று பலர் எழுதினார்கள். கலையரசனின் கடையில் பார்த்ததாக மூன்று பேர் எழுதினார்கள். அதில் ஒருவர், இதை நான் முன்பே தெரிவித்திருந்தேன் என்று முடித்திருந்தார்.

போலீஸிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். விழுப்புரம் பக்கம் ஏரிக்கரையோரம் மயங்கிக் கிடந்த ஒரு பெரியவரை யாரோ ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். உரிமை கோர ஆளில்லாமல் உடலைச் சில நாள் வைத்திருந்து அடக்கம் செய்துவிட்டார்கள். மருத்துவமனையில் எடுத்திருந்த படத்தைப் பார்த்து ஜினேஷ் அடையாளம் சொன்னான். எரிப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். அப்பாவோ ஏற்கெனவே முகம் தெரியாதவர்களின் கையால், பெயர் தெரியாதவராக, மண்ணுக்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, ஒரு பிற்பகலில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஒருத்தர்கூடவா அவரப் பாக்கல?"

ஜினேஷ் எழுந்து வெளியே போனான். த்ரிசலா சும்மா இருந்திருக்கலாம். கலையரசனைப் பற்றி அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று தம்பி முன்பே கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்தாங்கம்மா. ஒருத்தர் உக்கார வெச்சி சாப்பாடு போட்டிருக்காரு. ஒரு வாரத்துக்கு மேல."

அம்மாவின் முகத்தில் ஒரு நிமிஷம் என்னவோ இளகியது. வேளைக்குக் கொடுத்தாரா, பொழுதோடு கொடுத்தாரா என்று கேட்டாள். கொடுத்தார் என்றாள் மகள்.

"அப்ப ஏன் நமக்குச் சொல்லல அந்த மனுஷன்?"

"சொன்னாரும்மா. நான் பண்ண பேஜ்லதான் சொன்னாரு. நான் ஒரு எடத்துல அட்ரஸத் தப்பா வெச்சிட்டேன். அவரு சொன்னது என்கிட்ட வரவே இல்ல. வந்துடுச்சுன்னு அவருக்கு மட்டும் காட்டிச்சு."

அம்மாவுக்குப் புரியவில்லை. வராததை வந்தது என்று அது எப்படிச் சொல்லும், யார் அப்படிச் சொல்ல வைத்தது என்று கேட்டாள்.

"நான்தாம்மா."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். த்ரிசலா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையைத் தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிடவேண்டும் என்று அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.