மகள் வீடு

வாரத்தில் இரண்டு நாள் ஒரு தர்ம சங்கத்துக்காக உயில் எழுதித் தருகிற வக்கீல் நான். மற்ற ஐந்து நாளும் சேர்ந்து தராத தலைவலியை அந்த இரண்டு நாள் தந்துவிடும்.

தாமுவே பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கும் மதீனா பீவி, தன் வீடு வளர்ப்பு மகள் நிலோஃபருக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஷரீஅத்துப்படி உயில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் செல்லும். மீதி அண்ணன் மகன் பைசலுக்கு. அவர் அதற்குள் வந்து ஜன்னல்களை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

"உயிரோட இருக்கும்போதே ஹிபாவா, முழு வீட்டையும் தானமாக் கொடுத்திடலாம் மாமி. ஆனா வீட்டை அவ கையில விட்டுட்டு நீங்க வெளிய போகணும். இல்லன்னா பைசல் கோர்ட்டுக்குப் போவாரு."

"என் முட்டிக்கு, இறங்கினா ஏற முடியாது சஜிதா."

"தூக்கிட்டு வந்திடலாம்."

சொல்லிவிட்டேனே தவிர மனம் நிலைகொள்ளவில்லை. மூன்றில் ஒரு பங்காவது சங்கத்துக்கு வரும் என்று காத்திருந்த செயலாளரின் போனை நான் எடுக்கவேயில்லை.

நிலோஃபர் பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனிலிருந்து வந்தாள். இரண்டு சாட்சிகள் முன்னால் மதீனா பீவி சாவியைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் படிப்படியாக இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் என் உயிர் போய் வந்தது.

கீழே டீக்கடையில் பைசல் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப நான் வெளியாளு, முறையாக் கூப்பிடணும்ல?" என்று, மாடியிலிருந்து தொங்கிய மணிக்கயிற்றை மதீனா பீவி இழுத்தார். அங்கே மேலே மணி அடிப்பதும் கீழே சாவி இறக்குவதும் அந்தக் கயிற்றில்தான். எட்டிப் பார்த்த நிலோஃபர், பழக்க தோஷத்தில் சாவியைக் கயிற்றில் மாட்டிக் கீழே இறக்கினாள். அதைத் தொட்டால் வீட்டை அவர் இன்னும் விடவில்லை என்றாகும்; எல்லாம் கெட்டது.

"மாமி, தொடாதீங்க."

அவர் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "உன் சாவி. நீயே வந்து எடு."

நிலோஃபர் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் முன்னால் குந்தினாள். "இது உங்க வீடுதானே உம்மா?"

"என் வீட்டுல இருந்தது போதும்," என்றார் மதீனா பீவி. பைசலின் போன் இன்னும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "இனி மகள் வீட்டுல இருக்கணும். கூப்பிடு, வர்றேன்."