ஒன்றாம் வகுப்பின் ஆறு டின்கள்

பர்மாவில் பசுந்தாங் ஓடைக்கரையில் ஒரு மரவீட்டின் மாடியில் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. மாலையில் கூட்டம் போடச் சங்கத்துக்காரர்களுக்கு அந்த இடம் வேண்டும். அதனால் மூன்று மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புச் சாமான்கள் எல்லாம் டின்களுக்குள் போய், டின்கள் சுவரோரப் பலகையில் ஏறிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் போன பிறகு அவற்றைக் கொட்டித் துடைத்துத் திரும்ப நிரப்புவது ஆயா வேலம்மாவின் வேலை. மழைக்காலத்தில் ஒரு வாரம் விட்டால் போதும், எண்ணிப் பழகும் புளியங்கொட்டையெல்லாம் பூசணம் பூத்துவிடும்.

வேலம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேலைக்கு வந்த அன்று தலைமையாசிரியர் ராஜரத்தினம், "எழுத்துக் கூட்டிப் படிப்பியா?" என்று கேட்டார். "கொஞ்சம் படிப்பேனுங்க" என்று சொல்லிவிட்டாள். அரிசி மில்லில் சாக்குத் தைத்து விரலெல்லாம் வெடித்திருந்த சமயம் அது. இரண்டு வருஷமாக அந்தப் பொய்யால் ஒரு தொந்தரவும் வரவில்லை. நசுங்கியது சாக்கட்டி டின், மூடியில்லாதது ஈர்க்குச்சி டின், துருப்பிடித்தது புளியங்கொட்டை டின் என்று எல்லாம் அவள் கண்ணுக்குப் பழகியிருந்தன.

1926 ஆடி மாதத்தில் கடைக்காரர் காஜா மைதீன் பள்ளிக்கு ஆறு புது பிஸ்கட் டின்கள் கொடுத்தார். அவர் மகள் ரஹீமா ஒன்றாம் வகுப்பில் படித்தாள். ஆறு டின்னும் ஒரே அச்சு. டீச்சர் அம்சவேணி பழையவற்றைக் கழித்துவிட்டு, புதியவற்றின் மேல் முத்து முத்தான எழுத்தில் பெயர் எழுதிக் காகிதம் ஒட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேலம்மா வழக்கம்போல எல்லாவற்றையும் கொட்டி, டின்களைத் துடைத்து முடித்துவிட்டு, எது எதற்கு என்று தெரியாமல் அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கேட்பதற்கு யாரும் இல்லை. கையில் வந்ததை வந்த டின்னில் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் அம்சவேணி பலப்பம் டின்னைத் திறந்தாள். உள்ளே புளியங்கொட்டை இருந்தது. அடுத்த டின்னில் சாக்கட்டிக்குப் பதில் நூல்கண்டு. முந்தைய வாரம் டின் பொறுப்பு ரஹீமாவுடையது.

"வெள்ளிக்கிழமை சாமானை உள்ள வச்சது யாரு?"

"நான்தான் சயாமா." ரஹீமாவின் தாய் பர்மாக்காரி. டீச்சரை ரஹீமா பர்மிய மொழியில் சயாமா என்றுதான் கூப்பிடுவாள். "சரியாத்தான் வச்சேன். நீங்களும் பாத்தீங்க."

"சரியா வச்சா புளியங்கொட்டை நடந்தா வந்துச்சு? பொய் வேற சொல்றியா?"

வேலம்மா படிக்கத் தெரிந்தவள் என்று நம்பியிருந்ததால் அம்சவேணிக்கு அவள்மேல் சந்தேகமே வரவில்லை. ரஹீமாவின் உள்ளங்கையில் ரூல்தடியால் இரண்டு அடி விழுந்தது. அவள் அழவில்லை. கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

துடைப்பத்தோடு வாசலில் நின்ற வேலம்மா வாயைத் திறந்தாள். சொன்னால் மறுபடி மில்தான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு பெருக்கப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கால் போன போக்கில் மில் வாசலுக்கு வந்திருந்தாள். படகில் ஏற்ற வைத்திருந்த மூட்டைகளில் யானை மார்க் ஒரு பக்கமும் சேவல் மார்க் ஒரு பக்கமும் அடுக்கியிருந்தன. மூட்டை சுமப்பவர்களில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனாலும் யானை மூட்டை சேவல் படகில் ஏறியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. மார்க் குத்தும் கொட்டகையில் அவளுடைய பழைய கூட்டாளி காளியம்மா இருந்தாள். அவளிடம் ஒரு சிரட்டை நீல மையும் தேய்ந்த தூரிகையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மணியடிக்கும் முன்பே வந்து டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். டீச்சர் முந்தைய நாளே எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தாள். உள்ளே இருந்ததை அப்படியே காகிதத்துக்குக் கீழே வரைந்தாள். கத்தரிக்கோலும் நூல்கண்டும் சுலபமாக வந்தன. சாக்கட்டியும் பலப்பமும்தான் ஒன்றுபோல இருந்து இம்சை செய்தன. ஒன்றைத் தடியாகவும் மற்றதை ஒல்லியாகவும் போட்டாள்.

பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஈர மையில் நான்கைந்து விரல்கள் நீலமாயின.

"யாரு இதைச் செஞ்சது?" என்றாள் அம்சவேணி.

"நான்தாங்க டீச்சரம்மா." வேலம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாத்திப் போட்டது நான்தான். அந்தப் பிள்ளை சொன்னது நிஜம்."

அம்சவேணி ஆளனுப்பித் தலைமையாசிரியரை வரவழைத்தாள். ராஜரத்தினம் விஷயத்தைக் கேட்டுவிட்டு வேலம்மாவிடம் திரும்பினார்.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா ஐயா?"

அவர் டின்களைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல எழுத்துதானே இருக்கணும், டீச்சர்? சாக்கு மூட்டை மாதிரி மார்க் போட்டா எப்படி?"

"என் வகுப்புல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. ஒண்ணுக்கும் இன்னும் படிக்கத் தெரியாதுங்க ஐயா," என்றாள் அம்சவேணி. "நான் யாருக்காக எழுதி ஒட்டினேன்னு எனக்கே தெரியலை. படம் இருக்கட்டும். வேலம்மாவும் இருக்கட்டும்."

"எழுத்தை மறைக்காம இருந்தாச் சரி," என்று சொல்லிவிட்டு ராஜரத்தினம் கீழே இறங்கினார்.

அம்சவேணி ரஹீமாவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். "நான் உன்னைத் தப்பா அடிச்சிட்டேன்மா. நீ பொய் சொல்லலை."

ரஹீமா வகுப்பின் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்கள்ல? நான் பொய் சொல்லலை," என்று எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அன்று மூன்று மணிக்குச் எது எந்த டின் என்ற சண்டையில்லாமல் சாமான்கள் உள்ளே போயின. டீச்சரோடு ரஹீமா பழையபடி பேசினாள். வேலம்மாவோடு பேசவில்லை. "ஆயா தெரியாமச் செஞ்சிட்டேன் கண்ணு," என்று இவள் இரண்டு முறை சொல்லியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடி விழுந்தபோது ஆயா வாசலில் நின்றதை அவள் பார்த்திருந்தாள். வேலம்மாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பெருக்கிக்கொண்டிருந்தவளின் முன்னால் ரஹீமா ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆயா, இந்தப் படத்துல கத்தரிக்கோலுக்கு வாய் மூடியிருக்கு. திறந்திருந்தாத்தான வெட்டும்?"

வேலம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சிரட்டையில் காய்ந்திருந்த மையைத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். ரஹீமா டின் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.