விளக்கை அணைத்தும் இருட்டாத குகை

மலைக் குகையில் நான் வழிகாட்டி. முன்னால் பேசிக்கொண்டே போவேன்; என் வீட்டுக்காரர் கடைசி ஆளாக இன்னொரு விளக்கோடு வருவார். கோடிக்குப் போனதும் எல்லாரையும் நிற்கச் சொல்லி இரண்டு விளக்கையும் அணைப்போம். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், அப்படி ஒரு இருட்டு. ஜனங்கள் வாயடைத்து நிற்கிற நேரத்தில் மனுஷர் சுவரோரமாகத் தடவிக்கொண்டு வந்து, பின்னால் நீட்டியிருக்கும் என் கையைப் பிடித்துக்கொள்வார். விளக்கு எரியும்போது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழைய இடத்தில் நிற்பார். வீட்டில் ஒரு நாளும் கையைப் பிடித்ததில்லை. அங்கே செய்தித்தாளைத்தான் பிடிப்பார்.

அவர் போன பிறகு அந்த இருட்டில் என்னால் நிற்க முடியவில்லை. கடற்கரைக் குகைக்கு மாற்றல் கேட்டேன். மேலாளர் அரை மனதோடுதான் சம்மதித்தார். ஒரு சுற்று நடத்திக் காட்டுங்கள், சரிப்படாவிட்டால் மலைக்கே திரும்ப வேண்டியதுதான் என்றார். மறுபடி அந்த இருட்டா என்று பயந்துபோய், புதுக் குகையில் சொல்லவேண்டிய பாடத்தை உருப்போட்டேன்.

கடல் உள்வாங்கியிருந்த காலை நேரம். கூட்டத்தோடு மேலாளரும் வந்தார். நான் ஆரம்பித்தேன்:

"மலைக் குகையில மழைத்தண்ணி பாறைக்குள்ள இறங்கி, கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு வழி பண்ணும். சொட்டுற தண்ணியில கல்லுகூட வளரும். இங்க அந்தக் கதையே இல்ல. பாறையில எங்க விரிசல் இருக்கோ அங்க அலை மோதி மோதி, கல்லையும் மணலையும் வாரி அடிச்சு, வெளியிலிருந்து தோண்டினது. அதனால ரொம்ப ஆழம் போகல. எங்க நின்னாலும் வாசல் தெரியும்."

மேலாளர் தலையாட்டினார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வந்த தெம்பில் வாய் பழைய தடத்திலேயே ஓடியது. அப்படியே நில்லுங்கள், விளக்கை அணைக்கப்போகிறேன் என்று சொல்லி, அணைத்தும்விட்டேன். ஒரு கை அணைக்கும்போதே மற்றக் கை பின்னால் போய்விட்டது.

இருட்டவில்லை. வாசல் வழியாக வந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள். விழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பெண்மணி பிடிக்க வந்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கோபம் கோபமாக வந்தது. பாவம், அந்தம்மா என்ன செய்வார்.

வெளியே வந்ததும் மேலாளர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க இங்கேயே இருங்கம்மா. ஆனா இந்தக் குகைக்கு விளக்கு வேண்டாமே."

விளக்கை அவரிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு கையும் காலி. எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அடுத்த கூட்டத்துக்காக நின்றேன்.